பூட்ஸுக்குள் மெட்டி

அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடுகிறது. இந்தப் பக்கம் வாருங்கள். பையைக் கீழே வைக்காதீர்கள், தரையை இன்னும் துடைக்கவில்லை. துடைக்கிற பெண் போனில் இருக்கிறாள். அவள் போனை வைத்த பிறகு துடைப்பாள், துடைத்த ஈரத்தில் நாம் வழுக்கி விழுவோம், விழுந்த பிறகு டாக்டர் வருவார். இந்த ஆஸ்பத்திரி அப்படித்தான் நடக்கிறது.

உங்களுக்கு என்ன, முட்டியா? நடையைப் பார்த்தாலே தெரிகிறது. எனக்கு விரல். கால் விரல். காட்டமாட்டேன், நீங்கள் காலையில் ஏதாவது சாப்பிட்டிருப்பீர்கள். இடது காலில் இரண்டாவது விரல், கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது. அதில் மெட்டி புதைந்து கிடக்கிறது. மெட்டியை வெட்டி எடுக்கவேண்டுமாம். இன்றைக்கு மெட்டியை வெட்டாவிட்டால் அடுத்த வாரம் விரலையே வெட்டவேண்டி வரும் என்கிறாள் இங்கே பார்க்கிற டாக்டர் பெண். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, அந்தத் தைரியத்தில் மிரட்டுகிறாள். ஏற்கெனவே இங்கே வந்து, கட்டிலில் ஏறிப் படுத்து, அவள் அந்தச் சின்ன ரம்பத்தை எடுத்ததும் இறங்கி வீட்டுக்குப் போனவள் நான். இன்றைக்கு மறுபடி கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இன்றைக்கும் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

யார் கூட்டி வந்தாரா? அதோ, மீன் தொட்டிக்குப் பக்கத்தில் கைத்தடியோடு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் எங்கள் வீட்டுக்காரர். காலில் மாவுக்கட்டுப் பிரித்து இன்னும் ஒழுங்காக நடக்கவில்லை. வருகிறவர்கள் எல்லாம் அவரைத்தான் நோயாளி என்று நினைத்து, "எப்படிங்க விழுந்தீங்க" என்று கேட்கிறார்கள். அது போதும் அவருக்கு. பக்கத்துக்காரரிடம் இரண்டு உள்ளங்கையையும் நீட்டி என்னவோ காட்டுகிறார், பாருங்கள். விரல் நுனிகள் சேர்ந்து, மணிக்கட்டு விலகி. பனிச்சரிவில் சறுக்கிக்கொண்டு வரும்போது நிற்பது எப்படி என்று சொல்லித் தருகிறார். கோயமுத்தூரில். சித்திரை மாசத்தில்.

மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்த மனுஷர். அந்தச் சத்தத்திலேயே முப்பது வருஷம் வேலை பார்த்ததால், வீட்டில் பேச்சே கிடையாது. "சாதம்", "தண்ணி", "செய்தி போடு", அவ்வளவுதான். இப்போது வாயைத் திறந்தால் பனி. பால்காரனிடம் பனி. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவனிடம் பனி. எனக்குக் காது புளித்துவிட்டது.

எல்லாம் என் சம்பந்தியம்மாவால் வந்தது. இல்லை, முதலில் மாப்பிள்ளையால், பிறகு சம்பந்தியம்மாவால். என் மகள் மிருதுளாவைத் திருப்பூரில் கொடுத்திருக்கிறோம், பனியன் கம்பெனி வீடு. மாப்பிள்ளை நவநீதனுக்கு ஒரு நாள் ஞானோதயம். "அத்தை, இந்த வருசம் ரெண்டு குடும்பமும் சேந்து குல்மார்க் போலாங்க. பனியில ஸ்கீயிங் கத்துக்கலாம். உங்க வயசுல எல்லாம் கத்துக்கறாங்க." உங்க வயசுல! நான் கேட்டேனா? என் வயசைப் பற்றி அவரிடம் யாராவது விசாரித்தார்களா?

இவர் உடனே சரி என்று தலையாட்டினார். சம்பந்தியம்மா ரத்தினாம்பாள் அதற்கு முன்னாலேயே ஸ்வெட்டர் வாங்கிவிட்டாள். அவள் வீட்டுக்காரருக்கு ஏதோ ஆர்டர் முடிக்கவேண்டும் என்று வரவில்லை. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு சொல்கிறேன்.

ரத்தினாம்பாள் பத்தாங்கிளாஸோடு நின்றவள். குறையாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொல்கிறேன். நான் கான்வென்ட். எங்கள் சிஸ்டர் பெர்னடெட் தினமும் அசெம்பிளியில் ஒரு கைக்குட்டையை இரண்டு முழங்காலுக்கு நடுவில் வைக்கச் சொல்வார். பிரேயர் முடிகிறவரை அது கீழே விழக்கூடாது. முழங்கால் ஒட்டியிருக்கவேண்டும், முதுகு நேராக இருக்கவேண்டும், முகவாய் தூக்கியிருக்கவேண்டும். பெண் பிள்ளை நிற்கிற முறை அது. என் கைக்குட்டை ஒரு நாளும் விழுந்ததில்லை. த்ரோபால் கேப்டன் வேறு. ஆக, உடம்பை எப்படி வைத்துக்கொள்வது என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நர்ஸம்மா, டாக்டர் வந்தாச்சா? இன்னும் ரவுண்ட்ஸா? எத்தனை ரவுண்டுதான் சுத்துவாங்க, கோயிலா இது?

எங்கே விட்டேன்... பூட்ஸ். அந்தப் பூட்ஸைப் பற்றிச் சொல்லவேண்டும். செருப்பு, ஷூ என்று நீங்கள் நினைக்கிற எதுவும் இல்லை அது. கெட்டி பிளாஸ்டிக்கில், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேவரை, இரும்புக் கொக்கி நாலு வைத்து, காலை உள்ளே விட்டு இறுக்கினால் கால் உங்களுடையது இல்லை. வாடகைக் கடையில் வரிசையாக ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். எங்களுக்குச் சொல்லித்தர வந்தவன் இஷ்பாக். ஆரஞ்சு நிறத் தொப்பி, கண்ணாடி மாதிரி மின்னுகிற கறுப்புக் கண்ணாடி, ஓயாமல் ஒரு விசில். யாரைப் பார்த்தாலும் செல்பிக்கு நிற்பான். அவன் குனிந்து சாக்ஸ் போடாத எங்கள் கால்களைப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் சொன்னான்: மோதிரத்தைக் கழட்டுங்கள், பூட்ஸுக்குள் கடினமான பொருள் எதுவும் இருக்கக்கூடாது, விரலை நசுக்கிவிடும்.

மோதிரமாம். மெட்டி என்றால் என்னவென்று அவனுக்கு எங்கே தெரியப்போகிறது.

ரத்தினாம்பாள் என்ன செய்தாள் தெரியுமா? ஒரு நிமிஷம் யோசித்தாளா? இல்லை. "அட, ஆமாங்க, கடிக்குமுங்க" என்று சொல்லி, வெங்காயத்தோலை உரிக்கிற மாதிரி நாலையும் உருவிச் சில்லறைப் பர்ஸில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். வீட்டுக்காரர் குத்துக்கல் மாதிரி ஊரில் இருக்கும்போது! "ஊருக்குப் போயி மாட்டிக்கலாமுங்க சம்மந்தி. கழட்டுங்க."

நான் கழட்டமாட்டேன் என்றேன்.

மிருதுளா பல்லைக் கடித்துக்கொண்டு, "அம்மா, ப்ளீஸ்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். பார்க்கட்டும். மாப்பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "கழட்டிடேன் சுகந்தி. நான் என்ன ஓடியா போயிடப்போறேன்?"

இதெல்லாம் விளையாட்டுப் பேச்சா? இதைப் பேசுகிற வாயா அது?

சரி, இவர்களோடு மல்லுக்கட்ட முடியாது என்று திரும்பி உட்கார்ந்து சாக்ஸைப் போட்டுக்கொண்டு, "கழட்டியாச்சு" என்றேன். பொய்தான். அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

முதல் நாள் முழுக்க எங்களுக்கு அவன் கற்றுக்கொடுத்தது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம். விழுவது. நிஜமாகத்தான் சொல்கிறேன். பாதி இந்தியாவைத் தாண்டிப் போய், குளிரில் மூக்கு உறைந்து நின்றால், அவன் விழக் கற்றுத்தருகிறான். பின்னால் சாயாமல், கையை ஊன்றாமல், பக்கவாட்டில், இடுப்பைப் பனியில் வைத்து உட்கார்ந்துவிட வேண்டுமாம். வேகம் பிடிபடாமல் போனால், பயம் வந்தால், யோசிக்கவே கூடாதாம், உட்கார்ந்துவிட வேண்டுமாம். அது ஒன்று தெரிந்தால் உயிருக்கு மோசமில்லை என்றான்.

ரத்தினாம்பாள் தொப் தொப்பென்று விழுந்தாள். விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து, ஒவ்வொரு தடவையும் அப்படி ஒரு சிரிப்பு. இவரும் விழுந்தார். ரிட்டயர் ஆன மனுஷர், குழந்தை மாதிரி. "சம்மந்தி, நீங்க விழுந்த பள்ளத்துல நானும் விழுந்துட்டனுங்க" என்று அவள் சொல்ல, இவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். எங்கள் வீட்டில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதே கிடையாது.

என் முறை வந்தது. நான் நின்றேன். "விழுங்கள் ஆன்ட்டி" என்றான் இஷ்பாக். "நான் எதற்கு விழவேண்டும்? நான் நிற்கக் கற்றுக்கொள்ள வந்தேன்" என்று அவனுக்கே இங்கிலீஷில் சொன்னேன், நல்ல இலக்கணத்தோடு. மூன்று நாளும் நான் ஒரு தடவைகூட விழவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும். ஒரு தடவைகூட.

அடுத்தது நிற்பது. இவர் கையால் காட்டுகிறாரே, அதுதான். காலில் மாட்டியிருக்கிற அந்த நீளப் பட்டைகளின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, ஓட்டுவீட்டுக் கூரை மாதிரி வைத்து, முழங்காலை வளைத்து முன்னால் சாயவேண்டும். அப்போது பட்டையின் உள்ஓரம் பனியைச் சுரண்டி வேகம் குறைந்து நின்றுவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அகட்டிக்கொண்டு நிற்பதாவது! ரத்தினாம்பாளுக்கு என்ன, அவள் பாட்டுக்கு நின்றாள். எனக்கு முழங்கால் ஒட்டிக்கொள்கிறது. "காலை அகட்டுங்கள்" என்று அவன் கத்தக் கத்த, எனக்கு இன்னும் நெருக்கமாக ஒட்டிக்கொள்கிறது. சிஸ்டர் பெர்னடெட் இருந்திருந்தால் அவனை அந்த இடத்திலேயே முட்டிபோட வைத்திருப்பார்.

இதற்கு நடுவில் விரல் வேறு. பூட்ஸை இறுக்கினால் மெட்டி பக்கத்து விரலில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கண்ணில் தண்ணீர் வரும். ஆனால் நான் முட்டாள் இல்லை. காலையில் அவன் ஒவ்வொருவருக்காக வந்து கொக்கியை அழுத்திப் பார்ப்பான். பார்த்துவிட்டுப் போனதும், டீ விற்கிற கொட்டகைக்குப் பின்னால் போய் நாலு கொக்கியையும் தளர்த்திவிடுவேன். என்ன சுகம்! கால் உள்ளே தாராளமாக, வீட்டுச் செருப்பு மாதிரி. அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ரத்தினாம்பாள் தவிர. அவளுக்குத்தான் மற்றவர்கள் காலைப் பார்ப்பதே வேலை.

"ஏனுங்க சம்மந்தி, பூட்ஸு கொழகொழன்னு ஆடுதுங்களே. இப்பிடி இருந்தா நீங்க ஒரு பக்கம் திருப்புனா அது ஒரு பக்கம் போகுமுங்க. மெட்டிய கழட்டலீங்களா?"

"உங்க வேலையைப் பாருங்க."

"கழட்டி வெச்சிருங்க. ஒண்ணும் ஆகாதுங்க."

ஒண்ணும் ஆகாதாம். இவள் என்ன கேரண்டி கார்டா?

மூன்றாம் நாள் அவன் ஒரு பரீட்சை வைத்தான். தன் கையுறையைக் கழற்றிப் பனியில் போட்டான். சின்ன மேட்டிலிருந்து சறுக்கி வந்து கையுறைக்கு முன்னால் நிற்கவேண்டும். நின்றால், ஆளை மேலே இழுத்துக்கொண்டு போகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு பெரிய மேட்டுக்குப் போகலாம். நிற்காவிட்டால் கீழேயே இருக்கவேண்டும். ரத்தினாம்பாள் ஆமை மாதிரி வந்து கையுறைக்கு ஒரு முழம் முன்னால் நின்றாள். இவரும் நின்றார், கையைத் தூக்கிக் காட்டினார். நான் கையுறையைத் தாண்டிப் போனேன். திரும்ப விட்டான், திரும்பத் தாண்டினேன். நீங்களே சொல்லுங்கள், கூடுதல் தூரம் போனவளுக்குத்தானே மார்க் அதிகம்? "ஆன்ட்டி, உங்களுக்கு இன்னும் நிற்க வரவில்லை. நீங்கள் இங்கேயே பழகுங்கள், மேலே வேண்டாம்" என்கிறான். பத்தாங்கிளாஸ் பாஸ், நான் பெயில்.

அவர்கள் இரண்டு பேரும் கம்பியைப் பிடித்து மேலே போகிறார்கள். என் புருஷனும் சம்பந்தியம்மாவும். மிருதுளா கீழே நின்று போட்டோ எடுக்கிறாள். மாப்பிள்ளை கைதட்டுகிறார். நான் குழந்தைகள் விளையாடுகிற மேட்டில், ஒரு நாலு வயசுப் பெண்ணுக்கும் ஒரு பனிப் பொம்மைக்கும் நடுவில்.

எவ்வளவு நேரம் பொறுப்பது? இஷ்பாக் திரும்பி யாரோடோ செல்பிக்கு நின்ற சமயம் பார்த்துப் போய்க் கம்பியைப் பிடித்தேன். அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் மேலே விட்டது. மேலே போனால் நல்ல காற்று. தூரத்தில் மலை. கீழே எல்லோரும் சின்னச் சின்னதாக. பரவாயில்லையே என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன், அதற்குள் கிளம்பிவிட்டது.

நான் கிளம்பவில்லை. அது கிளம்பியது. காலை அகட்டுகிறேன், பூட்ஸுக்குள்ளே என் கால் மட்டும் அகல்கிறது, வெளியே பட்டை அது பாட்டுக்கு நேராகப் போகிறது. திருப்புகிறேன், கால் உள்ளே திரும்புகிறது, பட்டை திரும்பவில்லை. தயாரிப்புக் கோளாறு. காற்று காதில் அறைகிறது. கொஞ்ச தூரம் கீழே இவர் போய்க்கொண்டிருக்கிறார், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நிதானமாக வளைந்து வளைந்து. முதுகைப் பார்த்தேன். வேறு யார் முதுகாக இருந்தாலும் நான் ஒதுங்கச் சொல்லிக் கத்தியிருப்பேன். இவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது? கல்யாணமான நாளிலிருந்து என்ன சொல்லிக் கூப்பிட்டேனோ அதுதான் வாயில் வந்தது.

"ஏங்க! ஏங்க!"

அந்த மலையில் அத்தனை பேர் இருக்கிறார்கள், ஒருத்தருக்கும் அது புரிந்திருக்காது. இவருக்குப் புரிந்தது. நான் "ஏங்க" என்றால் இவர் என்ன செய்வார்? எங்கே இருந்தாலும், என்ன செய்துகொண்டிருந்தாலும் அப்படியே நின்று திரும்புவார். அதைத்தான் செய்தார். நுனியைச் சேர்த்து, பின்னால் அகட்டி, அவன் சொல்லிக்கொடுத்தபடி அழகாக நின்றார். நின்று, திரும்பி, "என்னம்மா?" என்றார்.

கீழே இருந்து இஷ்பாக் கத்துகிறான், "சிட்! சிட்!" நாயைச் சொல்வது மாதிரி. அந்த நேரத்தில் உட்காருவதைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

முறுக்கு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அப்போதும் நான் விழவில்லை. அவர்தான் விழுந்தார்.

பிறகு என்னென்னவோ சட்டம் பேசினார்கள். மேலே இருந்து வருகிறவர்கள்தான் கீழே இருக்கிறவருக்கு ஒதுங்கிப் போகவேண்டுமாம். கீழே இருக்கிறவருக்கு முதுகில் கண் இல்லையாம். மிருதுளா இதை என்னிடம் ஆஸ்பத்திரியில் வைத்து, அழுதுகொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். அவர் நிற்காமல் போயிருந்தால் நான் பாட்டுக்குப் பின்னாலேயே வந்திருப்பேன். நடு ரோட்டில் வண்டியை நிறுத்துகிறவன்மேல் தப்பா, பின்னால் வருகிறவன்மேல் தப்பா?

நானா? நான் அங்கே நிற்கவில்லையே. இடித்த வேகத்தில் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு கீழே போய், அடியில் கட்டியிருந்த வலையில் மாட்டிக்கொண்டேன். அங்கிருந்து மேலே பார்த்தால் இவர் கிடப்பது தெரிகிறது, முகம் தெரியவில்லை. ரத்தினாம்பாள் மெதுவாக இறங்கி வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றாள். தன் பட்டைகளைக் கழற்றினாள். அவருக்கு மேல்பக்கமாகக் கொஞ்சம் தள்ளிப் பனியில் அவற்றைக் குறுக்காக நட்டு வைத்தாள், வேறு யாரும் வந்து ஏறிவிடக்கூடாது என்று. அதை எப்போது கற்றுக்கொண்டாளோ. தன் சால்வையை அவர் தலைக்குக் கீழே வைத்தாள்.

நான் வலையில் இருந்து "ஏங்க" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். பட்டையைக் கழற்றத் தெரியவில்லை, ஏறத் தெரியவில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

எவ்வளவு நேரம் கழித்தோ, சின்னதாக, "என்னம்மா" என்று வந்தது.

சரி, அதை விடுங்கள். தண்ணீர் இருக்கிறதா? இருக்கட்டும், உங்கள் பாட்டிலில் நான் வாய் வைக்கமாட்டேன், தூக்கிக் குடிக்கிறேன்.

விஷயம் என்னவென்றால், கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிவு. அவ்வளவுதான். அவர் விழுந்த இடத்துக்கு ஒரு ஆள் நீளம் தள்ளி இவ்வளவு பெரிய பாறை பனிக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. தலை அதில் பட்டிருந்தால்? ஹெல்மெட் போட்டிருந்தார் என்பார்கள். ஹெல்மெட் எல்லாரும்தான் போடுகிறார்கள். தலை போகவேண்டியது காலோடு போனது ஏன்? நான் கழட்டாததால். நீங்கள் சிரித்தாலும் சரி. நான் மட்டும் அந்தக் கடையில் கழட்டியிருந்தேன் என்றால் இன்றைக்கு அங்கே மீன் தொட்டிக்குப் பக்கத்தில் அந்த நாற்காலி காலியாக இருக்கும்.

ரத்தினாம்பாள் வீட்டுக்காரரா? ஆமாம், அவள் கழட்டினாள், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மூன்று நாளும் திருப்பூரில் ஜோராகப் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது அவர் ஜாதகம். எல்லாருக்கும் அப்படி அமையாது.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? படித்தவள் இப்படிப் பேசுகிறாளே என்றா? எனக்கும் தெரியும். இதற்கெல்லாம் முன்னால் எனக்கு ஒரு முறை கழுத்து வலிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். அந்தக் குழாய்க்குள்ளே தள்ளுவதற்கு முன்னால் உலோகம் எல்லாவற்றையும் கழட்டச் சொன்னார்கள். தாலிக்கொடி, தோடு, மெட்டி. ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு இவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். தாலியையும் தோட்டையும் அங்கேயே போட்டுக்கொண்டேன். மெட்டியை வீட்டில் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று சோம்பல். வீட்டுக்கு வந்தோம். இவர் சோபாவில் உட்கார்ந்தார். நான் மெட்டியை மாட்டக் குனிந்தேன். ஒரு காலில் போட்டேன். மறு காலில் போட்டுக்கொண்டே, "டீ வேணுமா" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறார், சட்டையெல்லாம் வேர்வை.

ஸ்டென்ட் வைத்தார்கள். பல நாளாக அடைப்பு இருந்திருக்கிறது, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். அவருக்கு என்ன தெரியும்? குனிந்தது நான்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் எதற்குச் சொன்னேன் என்றும் தெரியவில்லை. இந்த டாக்டர் நேரத்துக்கு வந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

ஆக, குல்மார்க்கில் விரல் கிழிந்தது. எல்லோரும் இவர் காலைச் சுற்றி நிற்கும்போது என் விரலைக் காட்டிக்கொண்டா நிற்பேன்? வீட்டுக்கு வந்து மஞ்சள் வைத்தேன். ஆறுகிற மாதிரி ஆறும், திரும்பவும் வீங்கும். சாக்ஸ் போட்டுக்கொண்டேன். சித்திரை வெயிலில் வீட்டுக்குள்ளே சாக்ஸ் போட்டுக்கொண்டு நடந்தேன், இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பனியைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார். ரத்தினாம்பாள் இவரைப் பார்க்க வந்தாள். வந்தவள் இவரைப் பார்த்தாளா, என் காலைப் பார்த்தாளா? "ஏனுங்க, வெயிலு இந்தப் போடு போடுது, என்னத்துக்கு சாக்ஸு?" என்று கேட்டுக்கொண்டே குனிந்து இழுத்துவிட்டாள். பெற்ற தாய்கூட அப்படி இழுக்கமாட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே மிருதுளாவுக்குப் போன், மிருதுளா இவருக்குப் போன், இவர் கைத்தடியோடு எழுந்து வந்து என் முன்னால் நிற்கிறார். சி.ஐ.டி. வேலை.

அதோடு நின்றாளா? நேற்று ஆள் மூலம் ஒரு டப்பா கொடுத்தனுப்பியிருக்கிறாள். பாருங்கள், பையிலேயே இருக்கிறது. புது மெட்டி. வாய் திறந்த மாடல், வீங்கின விரலுக்கும் போடலாம், இழுத்தும் விடலாம், சேர்த்தும் விடலாம். "பழசை வெட்டுன கையோட, கட்டு போடுறதுக்கு முன்னாலயே பக்கத்து விரல்ல இத மாட்டச் சொல்லுங்க, ஒரு நிமிசங்கூட வெறும் காலா இருக்கவேண்டாமுங்க" என்று போனில் சொல்கிறாள். எடையே இல்லை. பனியன் கம்பெனி வைத்திருக்கிறவள், இன்னும் கொஞ்சம் கனமாக வாங்கியிருக்கலாம். ஆனால் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் எனக்குப் புரியவில்லை. நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லையே.

இவரா? இவர் அடுத்த மாசியில் திரும்பப் போகிறாராம். கால் சரியானதும். "நீயும் வா சுகந்தி, இந்தத் தடவை மொத நாளே விழக் கத்துக்கோ" என்கிறார். வெட்கமில்லாத மனுஷர்.

என்னம்மா? என்னையா? சுகந்தி சிவஞானம், நான்தான். டாக்டர் எப்போ வந்தாங்க? பின்வாசல் வழியா வந்தாங்களா? நல்ல வழக்கம். இரும்மா, வர்றேன். ஸ்டாப் வாட்ச் வெச்சா கூப்பிடறே? கால் இருந்தால்தானே ஓடிவர முடியும்.

இருங்கள், நீங்கள் எழுந்திருக்காதீர்கள், உங்கள் டோக்கன் இன்னும் வரவில்லை. எனக்கு ஒரு உதவி செய்யவேண்டும். அவர் பக்கத்து நாற்காலி காலியாகிவிட்டது, அங்கே போய் உட்காருங்கள். அந்த ஆள் தப்பித்து எழுந்து போய்விட்டார் பாருங்கள், பாவம். நான் வெளியே வருகிறவரை இவரை எழுந்திருக்க விடாதீர்கள். தண்ணீர் குடிக்கக்கூட. அவர் சட்டைப் பையில் ஒரு சின்ன மாத்திரை இருக்கிறது, நாக்குக்கு அடியில் வைக்கிறது, இடது பை. ஒன்றும் ஆகாது, சும்மா சொல்லி வைக்கிறேன்.

பனியைப் பற்றிக் கேளுங்கள். ஆரம்பித்து வைத்தால் போதும், அவர் நிறுத்தமாட்டார். நிற்பது எப்படி என்று கேளுங்கள். புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேளுங்கள். சத்தமாகப் பேசச் சொல்லுங்கள், உங்களுக்குக் காது மந்தம் என்று சொன்னாலும் தப்பில்லை. நான் கதவைச் சாத்த விடமாட்டேன். ரம்பம் ஓடுகிற சத்தத்துக்கு மேலே எனக்கு அவர் குரல் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

வர்றேன்மா, வர்றேன்!

ஏங்க! இந்தம்மாவுக்குப் பனியில எப்படி நிக்கறதுன்னு தெரியணுமாம். சொல்லிக்கிட்டே இருங்க.